படம் எப்படி இருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், எதிர் வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் அடித்துச் சலித்துவிட்டதால், 2024, 2025-இல் தியேட்டரிலும் வீட்டிலும் பார்த்த சில படங்களைப் பற்றி அதிகம் வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்து இங்கே பதில் போட்டிருக்கிறேன். நான் விமர்சகன் இல்லை, காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிற ஆள். கதையை எந்த அளவுக்குச் சொல்லலாமோ அந்த அளவுக்குத்தான் சொல்வேன், ஒரே ஒரு இடத்தில் மட்டும் முடிவைப் பேசியிருக்கிறேன், அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்க. பார்க்கலாமா, வேண்டாமா?

எங்கே பார்க்கப் போகிறீர்கள், கூட யார், எத்தனை மணிக்கு? இந்த மூன்றும் தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை. அலட்டல் என்று நினைக்க வேண்டாம். லப்பர் பந்தைக் கூட்டமான தியேட்டரில் பார்த்தவருக்கும், அதே படத்தைத் தனியாகப் போனில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவருக்கும் கிடைத்தது ஒரே படம் இல்லை. இரண்டு பேரும் நேர்மையாகத்தான் பேசுவார்கள், ஆனால் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. "சூப்பர்", "மொக்கை" இரண்டையும் நான் ஒதுக்கி வைத்ததற்கு இதுதான் காரணம்.

மெய்யழகன் ரொம்ப நீளம் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

நீளம்தான். 2024 செப்டம்பரில் வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், 177 நிமிடம். நீளம் என்ற பேச்சு கிளம்பியதும் ஓடிக்கொண்டிருந்தபோதே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். இயக்குநர் பிரேம்குமாருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், அதே சமயம் அந்த வெட்டு தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ராத்திரி முழுக்கப் பேச்சாக ஓடுகிற பகுதியில், கதையை விட்டு வரலாறு, வீரம் என்று வேறு பக்கம் போகிற இடங்களில் தியேட்டரிலேயே ஆட்கள் போனை எடுத்ததைப் பார்த்தேன்.

ஆனால் படத்தின் உயிர் அந்தச் சாவகாசத்தில்தான் இருக்கிறது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்பிய அருள்மொழி (அரவிந்த் சாமி), இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். தலையைக் காட்டிவிட்டு அன்று ராத்திரியே திரும்பிவிடுகிற திட்டம். அங்கே "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிற கார்த்தி யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. பெயர்கூடத் தெரியாது, கேட்கவும் முடியவில்லை. இந்தச் சங்கடம் நம் எல்லாருக்கும் நடந்திருக்கிறது, கல்யாண மண்டபத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா?" என்று கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்போமே, அதையே எடுத்து ஒரு முழுப் படமாக ஓட்டியிருக்கிறார்கள். மேடையில் தங்கைக்கு நகை கொடுக்கிற இடத்தில் வசனம் அதிகம் கிடையாது. அங்கே அழாதவர்கள் எனக்கு ஒரு போன் போடுங்கள், நாம் வேறு விஷயம் பேசலாம்.

வீட்டில் பார்க்கத்தான் இது தோது. நிறுத்தி, காபி போட்டு, "இந்த மாதிரி நம்ம பெரியப்பா வீட்டிலும்..." என்று பேசிவிட்டு மறுபடி ஓட்டலாம். அந்தப் பேச்சும் படத்தில் சேர்த்திதான்.

மகாராஜா என்ன கதை? சுருக்கமாகச் சொல்லிவிடு, அப்புறம் பார்க்கிறேன்.

சலூன் வைத்திருக்கிற ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் "லட்சுமியைக் காணோம்" என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது அவர் வீட்டுக் குப்பைத்தொட்டி. இதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் உங்கள் டிக்கெட் காசை நான் திருடியதாக அர்த்தம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நாமாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்வோம், அந்தக் கணக்கைத்தான் இயக்குநர் நித்திலன் கலைக்கிறார். விஜய் சேதுபதிக்கு 50-ஆவது படம், ஆனால் 50-ஆவது படத்துக்கு உண்டான ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யாமல் தலையைக் குனிந்துகொண்டு நடித்திருக்கிறார். 2024 நவம்பர் கடைசியில் சீனாவிலும் ரிலீஸ் ஆனது.

மகாராஜாவை நாங்கள் குடும்பத்தோடு பார்க்கலாமா, பையனுக்கு 11 வயது?

வேண்டாம். பாலியல் வன்முறை கதையின் நடுமையத்தில் இருக்கிறது. நேராகக் காட்டாமல் விட்ட இடங்களும் பெரியவர்களையே தூங்கவிடாது. ஸ்டேஷன் காமெடியைப் பார்த்து "லைட்டான படம்" என்று நினைத்துக் குழந்தைகளோடு உட்கார்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு.

பொதுவாகவே ஒரு விஷயம். முன்பெல்லாம் தணிக்கைச் சான்றிதழில் "யு/ஏ" என்று ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். 2023-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும்போது அந்த எண்ணைப் பாருங்கள். இது பெற்றோருக்கான யோசனைதான், வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள். "ஏ" என்றால் மட்டும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை, அப்பா அம்மா கூட வந்தாலும், உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், நான் போன ஒரு "ஏ" படத்தில் பின் வரிசையில் ஒரு குழந்தை படம் முழுக்க "அப்பா வீட்டுக்குப் போலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

கொட்டுக்காளியில் கடைசியில் என்னதான் ஆச்சு?

பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

மீனா (அன்னா பென்) வேறு சாதிப் பையனைக் காதலிக்கிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, கட்டிக்கொள்ளப் போகிற பாண்டியும் (சூரி) இரண்டு வீட்டுச் சொந்தங்களும் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். அந்தப் பயணம்தான் மொத்தப் படமும். கடைசியில், மீனாவுக்கு முன்னால் அங்கே வந்திருக்கிற இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. படம் முடிந்துவிடுகிறது. அவன் மீனாவை உள்ளே அனுப்பினானா, திரும்பக் கூட்டிப்போனானா என்று இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. "கூட்டிப்போயிருப்பான்" என்று நம்புகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: வழியில் அவளையும் மற்றப் பெண்களையும் அவன் அடித்த அடியை மறந்துவிட்டீர்களா? ஒரு நிமிடம் முகம் மாறியதை வைத்து அவனை நல்லவனாக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

படத்தில் பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம், செருப்புச் சத்தம், சேவல், தொண்டை கட்டிப்போய்ச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரவென்று பேசுகிற பாண்டி. மீனா படம் முழுக்க வாயைத் திறப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம், ஆனால் எல்லாரும் அவளைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் ஒரு காளை நடு ரோட்டில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது, ஆம்பளைகள் அத்தனை பேரும் முறுக்கிக்கொண்டு நிற்க, கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து ஓட்டிக்கொண்டு போகிறாள். தியேட்டரில் அந்த இடத்தில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டில் இரண்டாவது தடவை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

இது பெர்லின் திரைப்பட விழாவுக்கெல்லாம் போய்விட்டு வந்த படம். 2024 ஆகஸ்ட் 23 அன்று வாழை படமும் இதுவும் ஒரே நாளில் தியேட்டருக்கு வந்தன. விழாப் படத்தைத் தியேட்டரில் போடலாமா என்று அப்போது ஒரு சண்டை. போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. இசை இல்லாத ஒரு படத்தில் இருநூறு பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும், அது வீட்டில் கிடைக்காது. வீட்டில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மிக்ஸி, ஃபேன், பக்கத்து வீட்டுச் சீரியல் எல்லாம் அடங்கின பிறகு பாருங்கள்.

எனக்கு கிரிக்கெட்டே தெரியாது. லப்பர் பந்து புரியுமா?

மாமனாருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் நடக்கிற ஈகோ சண்டை புரியுமா? அப்படியென்றால் புரியும். ஊரில் பெயர் வாங்கிய பேட்ஸ்மேன் கெத்து (அட்டகத்தி தினேஷ்), அவரை அவுட்டாக்கத் தெரிந்த பையன் அன்பு (ஹரிஷ் கல்யாண்), அவன் காதலிப்பது கெத்துவின் மகளை. யாரை டீமில் சேர்ப்பது, யாரைக் கெஸ்ட் பிளேயராகவே வெளியில் வைத்திருப்பது என்பதில் சாதி எப்படி ஓசையில்லாமல் வேலை செய்கிறது என்பதை இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து மேடை போட்டுப் பேசாமல் மைதானத்திலேயே காட்டிவிடுகிறார். கெத்துவின் மனைவி யசோதைதான் (ஸ்வாசிகா) என்னைக் கேட்டால் படத்தின் ஹீரோ.

"நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" பாட்டு வரும்போது நான் பார்த்த தியேட்டரில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். விஜயகாந்த் நடித்து 1989-இல் வந்த பொன்மனச் செல்வன் பாட்டு, இளையராஜா இசை. விஜயகாந்த் 2023 டிசம்பரில் காலமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். கெத்து விஜயகாந்த் ரசிகர் என்பதால் அந்தப் பாட்டு கதைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. வீட்டில் பார்த்த என் மச்சான் "பழைய பாட்டைப் போட்டு ஒப்பேத்திட்டாங்க" என்றார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் சொன்னது சரிதான்.

டூரிஸ்ட் ஃபேமிலியில் சசிகுமாரும் சிம்ரனும் இலங்கைத் தமிழ் ஒழுங்காகப் பேசியிருக்கிறார்களா?

எனக்குக் காது பத்தாது என்பதால் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "சில இடத்தில நல்லாத்தான் கதைக்கினம், சில இடத்தில மெட்ராஸுக்கு வந்துட்டினம்" என்றார். அவரும் குடும்பத்தோடு பார்த்து அழுதிருக்கிறார், அதனால் இது புகார் இல்லை. பொருளாதார நெருக்கடியில் ஊரை விட்டுக் கள்ளத்தனமாகப் படகில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிற குடும்பம். பேச்சே காட்டிக் கொடுத்துவிடுமோ என்ற பயம் கதைக்குள்ளேயே இருப்பதால் அந்த ஏற்ற இறக்கம் பெரிதாக உறுத்தவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. காலனியில் எல்லாருமே கடைசியில் நல்லவர்கள். நிஜத்தில் வாடகை வீடு கேட்டுப் போன எந்த அகதிக் குடும்பத்தைக் கேட்டாலும் வேறு கதை சொல்லும். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம், தெரிந்தேதான் இனிப்பைக் கூட்டியிருக்கிறார். 2025 மே 1 அன்று வந்து ஒரு மாதத்தில் ஓடிடிக்கும் வந்துவிட்டது, இப்போது எந்த வீட்டிலும் தைரியமாகப் போடலாம்.

நாலு வாரத்தில் ஓடிடிக்கு வரப்போகிறது. எதற்குத் தியேட்டர்?

நியாயமான கேள்வி. 2025-இல் சென்னை மல்டிபிளக்ஸில் டிக்கெட் 190 ரூபாயை ஒட்டி இருந்தது, நாலு பேர் போனால் பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிவிடும். இந்திப் படங்களுக்கு மல்டிபிளக்ஸ்காரர்கள் எட்டு வாரம் இடைவெளி கேட்கிறார்கள், தமிழில் 2025-இல் நாலு வாரம்தான் வழக்கமாக இருந்தது. தக் லைஃப் எட்டு வாரம் என்று அறிவித்துவிட்டு வந்த படம், 2025 ஜூன் 5 ரிலீஸ், ஜூலை 3-ஆம் தேதியே நெட்ஃபிளிக்ஸில் இருந்தது. ஆகவே பொறுத்திருப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: கூட்டம் சேர்ந்து சிரிக்க, கத்த வேண்டிய படம், அல்லது கொட்டுக்காளி மாதிரி கூட்டம் சேர்ந்து வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய படம் என்றால் தியேட்டர். மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிற படம் என்றால் வீடு. குடும்பஸ்தன் இரண்டுக்கும் நடுவில். வேலை போனதை வீட்டுக்குச் சொல்லாமல் கடன்மேல் கடன் வாங்குகிற மணிகண்டனைப் பார்த்து தியேட்டரில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம், வீட்டில் பார்த்தால் இஎம்ஐ மெசேஜ் வருகிற போனும் பக்கத்திலேயே இருக்கும்.

தியேட்டரில் காது கிழிகிறது, வீட்டில் வசனமே கேட்கவில்லை. ஏன்?

இரண்டும் வேறு வேறு கோளாறு. தியேட்டர் ஒலிக் கருவியில் வால்யூமுக்கு 7 என்பதுதான் நிர்ணயித்த அளவு. அந்த அளவில் வைத்து ஒலியைக் கலக்கி அனுப்ப வேண்டும், தியேட்டரிலும் அதே எண்ணில் வைக்க வேண்டும். சத்தம் என்று ஆட்கள் புகார் சொல்வதால் தியேட்டரில் குறைக்கிறார்கள், எப்படியும் குறைப்பார்கள் என்று தெரிந்து ஒலிக்கலவையிலேயே கூட்டுகிறார்கள், இப்படியே ஏறிக்கொண்டு போகிறது. 2024 நவம்பரில் கங்குவா வந்தபோது சத்தம் பெரிய பேச்சாகி, வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் நடப்பது வேறு. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான பாதையில் வருகிறது, நம் டிவியில் அப்படி ஒரு ஸ்பீக்கரே இல்லை. ஐந்தாறு பாதையை இரண்டு சின்ன ஸ்பீக்கரில் திணிக்கும்போது பாட்டும் அடிதடியும் மேலே வர, வசனம் அமுங்கிவிடும். ஆப்பில் ஆடியோ தேர்வுக்குப் போய் 5.1 (பல ஸ்பீக்கருக்கான ஒலி) இருந்தால் அதை விட்டு ஸ்டீரியோவுக்கு (இரண்டு ஸ்பீக்கருக்கானது) மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

அங்கேயே இன்னொன்று. புது டிவியில் படம் சீரியல் மாதிரி வழுவழு என்று ஓடுகிறதா? சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம், டிவி இடையில் தானாகவே ஃபிரேம்களைச் செருகுகிறது. பிக்சர் செட்டிங்கில் "மோஷன்" என்று ஆரம்பிக்கிற எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள், "ஃபிலிம்மேக்கர் மோடு" இருந்தால் அதைப் போடுங்கள். மாமா ஒருவர் வாழையை அப்படியே பார்த்துவிட்டு "டிவி நாடகம் மாதிரி எடுத்திருக்கான்" என்றார். எடுத்தவர் மேல் தப்பில்லை மாமா.

முதல் நாள் விமர்சனத்தை நம்பலாமா?

தகவலுக்கு நம்பலாம், முடிவுக்கு நம்ப வேண்டாம். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் உள்ளே இருந்த கொதிப்பும் தூக்கமின்மையும்தான் முதலில் வெளியே வரும். அதற்காக விமர்சனமே கூடாது என்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது. 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வந்து முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனம் வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. டிக்கெட்டை முதல் நாளே விற்கலாம், அபிப்பிராயத்தை மட்டும் நாலாம் நாள் சொல்ல வேண்டும் என்றால் எப்படி?

மலையாளப் படத்தை டப்பிங்கில் பார்ப்பதா, சப்டைட்டிலோடா?

சப்டைட்டில். மஞ்சும்மல் பாய்ஸ் தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே ஓடியது, ஓடி அசத்தியது. கொடைக்கானலில் நடக்கிற கதை என்பதால் அதில் தமிழ் நிறையவே உண்டு, அதையும் டப் செய்தால் வெளியூர்ப் பையன்கள் பாஷை தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்ட தவிப்பு போய்விடும். 1991-இல் வந்த குணாவின் "கண்மணி அன்போடு" பாட்டு குகைக்குள் எந்த இடத்தில் ஒலிக்கிறது என்பது தெரியாமல் போய்ப் பார்த்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

படத்தில் பாதியில் தூங்கிவிட்டேன். கருத்து சொல்லலாமா?

"தூங்கிவிட்டேன்" என்பதைச் சேர்த்துச் சொன்னால் தாராளமாகச் சொல்லலாம்.

நீங்க சொல்லித்தான் பார்த்தேன், பிடிக்கலை.

எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். டிக்கெட் காசு திரும்பக் கிடைக்காது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம். பாட்டி முதல் பேத்தி வரை ஒரே ஹாலில். எதைப் போடலாம்?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டூரிஸ்ட் ஃபேமிலி, பாதிப் பேர் தூங்கினாலும் கதை கையை விட்டுப் போகாது. சாயங்காலம் சின்னப் பசங்க கத்தலோடு லப்பர் பந்து. சரத்குமார், தேவயானி என்றாலே சூர்யவம்சம் ஞாபகத்தில் அம்மாக்கள் அதே ஜோடி நடித்த 3பிஹெச்கே படத்தைக் கேட்பார்கள். நல்ல நடிப்புதான், ஆனால் வீடு வாங்க முடியாத துக்கத்தை அடுக்கிக்கொண்டே போகிற படம், வீட்டில் சொத்துப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேண்டாம். மெய்யழகனை எல்லாரும் படுத்த பிறகு, பேச்சுத் துணைக்கு ஒரு அத்தானோ மச்சானோ முழித்திருந்தால் போடுங்கள். எதுவாக இருந்தாலும் ராத்திரி சீரியல் நேரத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி ஆரம்பியுங்கள், அந்த நேரத்தில் ரிமோட் பாட்டியுடையது.